சில்லு வைத்த அலுமாரி

நேற்று ஒரு தளபாடக் கடையில் புதிதாய் அறுத்த வேப்பம் பலகையின் கசப்பு வாசனை மூக்கில் ஏறியதும், பெரியகல்லாற்றில் வாவிக்கரையோரம் இருந்த அப்பாவின் தச்சுக் கொட்டில் நினைவுக்கு வந்துவிட்டது. இன்று அங்கே வீடுமில்லை, கொட்டிலுமில்லை, வெறும் மணல்தான்.

யுத்த காலத்தில் ஊரைவிட்டு ஓடித் திரும்பும் ஒவ்வொரு முறையும் தச்சுச் சாமான்கள் களவு போயிருக்கும் என்பதால், அப்பா பழைய சைக்கிள் சில்லுகளைப் பூட்டி ஒரு வேப்பமர அலுமாரி செய்தார். வாளுக்கொரு தட்டு, உளிகளுக்கொரு தட்டு, மரம் இழைக்கும் சீவுளிக்குத் துணி விரித்த ஓர் அறை என்று மாதக்கணக்கில் இழைத்து இழைத்து முடித்தார்.

அடுத்த முறை ஓடியபோது அப்பா அதை முன்னால் இழுக்க, அம்மாவும் நானும் பின்னால் தள்ளினோம். சோதனைச் சாவடியில், தமிழ் அரைகுறையாகத் தெரிந்த சிப்பாய் ஒருவன் உள்ளே என்ன என்று கேட்டான்.

"என்ர ஆயுதங்கள் சேர்," என்றார் அப்பா. எங்கள் ஊர்த் தச்சர்கள் உளியையும் வாளையும் அப்படித்தான் சொல்வார்கள்.

அந்தச் சொல்லுக்காக அவரைக் கொண்டுபோனார்கள். அம்மா அலுமாரியைத் திறந்து, "தச்சு வேலச் சாமான் சேர், பாருங்க," என்று அழுதது எடுபடவில்லை.

நாங்கள் அலுமாரியோடு வீடு திரும்பி, மாரி மழையும் முடிந்த பிறகுதான் அப்பா வந்தார். மறுநாளே வேலையைத் தொடங்கினார், ஆனால் ஒருவரோடும் பேசவில்லை. பள்ளி விட்டதும் நான் மரத்தூளில் உட்கார்ந்து அன்றன்று பள்ளியில் நடந்ததையெல்லாம் சொல்வேன். சொல்லி முடிக்கும்வரை சீவுளியை நிறுத்திக் கேட்பார், முடிந்ததும் திரும்பிக்கொள்வார். அதனால் நடக்காததையும் சேர்த்து நீட்டிக்கொண்டே போவேன்.