கோயிலின் வடக்குக் கை

விளாத்திகுளத்துக்குத் தெற்கே, கரிசல் காட்டு நடுவில் இருந்தது நேசம்மாளின் ஊர். அந்த ஊருக்கு அத்தனை பெரிய மாதா கோயில் தேவையே இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு பிரெஞ்சு சாமியார் கட்டியது. கூம்பிய ஜன்னல்கள், பர்மா தேக்கு உத்திரம், சுண்ணாம்புக் காரை பூசி வழவழத்த தூண்கள். கீழத்தெருக்காரர்களோடு சேர்ந்து உட்கார மாட்டோம் என்று மேலத்தெருக்காரர்கள் பிடிவாதமாக நின்றதால், அந்தச் சாமியார் கோயிலை இரண்டு கைகளாக விரித்துக் கட்டிவிட்டார். இரண்டும் சேரும் மூலையில் பீடம். தெற்குக் கையில் மேலத்தெரு, வடக்குக் கையில் கீழத்தெரு. பூசை வைக்கிறவருக்கு இரு பக்கமும் தெரியும். கும்பிடுகிறவர்களுக்கு அடுத்த பக்கம் தெரியாது.

நேசம்மாள் கீழத்தெரு. புருஷன் போன பிறகு மிளகாய்க் காட்டில் கூலிக்குப் போய் மகள் சவரியம்மாளை வளர்த்தாள்.

எழுபத்தேழாம் வருஷ ஐப்பசி மழையில் கரிசல் ஊறி உப்பியது. அடுத்த கோடையில் பாளம் பாளமாக வெடித்தது. வடக்குக் கையின் சுவரும் கூரைவரை பிளந்தது. பங்குச் சாமியார் அந்தப் பக்கத்தைப் பூட்டிவிட்டு, கீழத்தெருக்காரர்களுக்கென்று கோயிலுக்கு வெளியே ஓலைக் கொட்டகை போட்டு ஒலிபெருக்கி கட்டினார். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார். வருஷங்கள் ஓடின.

சவரியம்மாளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்தாயிற்று. நேசம்மாள் சாமியாரிடம் போனாள்.

"சாமி, தெக்குப் பக்கம் பாதி காலியாத்தான கெடக்கு. எம்மவளுக்கு அங்கன வச்சுத் தாலி கட்டச் சொல்லுங்க."

"எனக்குச் சம்மதந்தாம்மா. மேலத்தெருக்காரவிய சம்மதிக்கணும்லா?"

"மாதாட்ட கேட்டீயளா, அவியட்ட கேட்டீயளா?"

கொட்டகையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சாமியார் எழுந்து போய்விட்டார்.

கல்யாணத்தன்று நேசம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தெற்கு வாசல் வழியாக நேரே உள்ளே போனாள். யாரும் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. பூசைக்கு வந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள். மாப்பிள்ளையின் அப்பா பாக்கியசாமி வாசலைத் தாண்டவே இல்லை. மேலத்தெருக்காரர் நிலத்தை, விளைச்சலில் பங்கு கொடுத்து, வாரத்துக்கு உழுகிறவர் அவர்.

"ஏத்தா, எங்க பொழப்புல மண்ணப் போடாத. பிள்ளைய வெளிய கூட்டிட்டு வா," என்று கெஞ்சினார்.

சவரியம்மாள் தாயின் கையை உதறினாள். "நா கேட்டனாம்மா இத?" என்று அழுதுகொண்டே ஓடினாள். கொட்டகையில்தான் தாலி ஏறியது. கழுகுமலைப் பக்கம் வாழப்போன மகள் பிறகு தாயைப் பார்க்க வரவே இல்லை.

அதற்கப்புறம் மேலத்தெருக்காரர்களின் மிளகாய்க் காட்டிலும் நேசம்மாளை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. கருவேல விறகு வெட்டி விற்றுக் கஞ்சி குடித்தாள்.

எண்பத்துமூன்றில் வடக்குக் கையை இடித்தார்கள். புதிதாகக் கட்டப்போவதில்லை, கல்லறைத் தோட்டத்தில் இரண்டு தெருக்காரர்களின் கல்லறைகளுக்கும் நடுவே சுவர் எழுப்பக் கல் வேண்டும் என்றார்கள். அந்த வருஷம் மழையும் இல்லை, விறகு வாங்கவும் ஆளில்லை. கல் சுமக்க ஆள் கூப்பிட்டபோது நேசம்மாள் சும்மாட்டுத் துணியோடு போய் நின்றாள்.