மிஸ்பாஹின் வண்டியில் ரேடியோ பாடாத வாரம்

என் அக்காள் புருஷன் மிஸ்பாஹுக்கு உலகத்தில் இரண்டே செல்வம். ஒன்று, ஒரே மகள் ருபா. இன்னொன்று, அந்தப் பழைய வெள்ளைக் காரும் அதில் கம்பெனியிலிருந்தே வந்த ரேடியோவும். எங்கள் சுரங்க ஊர் ருஸைஃபாவில் பாஸ்பேட் லாரி ஓட்டியே இடுப்பொடிந்தவன், அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வண்டி அது. ஊரெல்லாம் பழைய ரேடியோவைக் கழற்றிவிட்டுத் திரை வைத்த சீனப் பெட்டியை மாட்டிக்கொண்டபோது நானும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "வண்டியோட பொறந்ததைப் பிடுங்கிட்டு வளர்ப்புப் பிள்ளையை வைக்கச் சொல்றியா?" என்று சண்டைக்கு வந்துவிட்டான். லாரி இரைச்சலில் ஒரு காது பாதி போனவன் என்பதால் எப்போதும் முழுச் சத்தத்தில்தான் வைப்பான். அவன் தெருமுனை திரும்புவது அடுப்படியில் இருப்பவளுக்கும் தெரியும்.

ருபாவுக்கு வியாழக்கிழமை கல்யாணம். மணமகளை மாப்பிள்ளை வீட்டார் வண்டியில் ஏற்றுவதுதான் எங்கள் வழக்கம். இவனோ தன் வண்டியில்தான் மண்டபத்துக்குக் கூட்டிப்போவேன், பாட்டு தெருவே அதிர வேண்டும் என்று சம்பந்தியிடம் அடம்பிடித்துச் சம்மதம் வாங்கியிருந்தான்.

ஒரு தடை இருந்தது. எதிர்வீட்டு சஃப்வான், கல்யாண வயதுப் பையன், பாலைவன நெடுஞ்சாலையில் விபத்தில் போய்விட்டான். நாற்பது நாள் தெருவில் யாரும் பாட்டு வைக்கவில்லை. அது முடிந்ததும் மிஸ்பாஹும் நானும் பையனின் தகப்பன் அபு சஃப்வானிடம் முறைப்படி போனோம். அவர் காபி ஊற்றினார். மிஸ்பாஹ் குடிக்காமல் கீழே வைத்தான். கேட்க வந்ததைக் கேட்டு, சரி என்ற பதில் வந்தால்தான் குடிப்பது எங்கள் முறை. "உன் மகள் என் மகள்தான். சந்தோஷமா நடத்து" என்றார் அவர். கோப்பையைக் காலி செய்துவிட்டு எழுந்தோம். வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

நாற்பது நாளுக்குப் பிறகு முதல்தடவையாகப் பாட்டு வைக்க, ஞாயிறு காலை மிஸ்பாஹ் சாவியைத் திருப்பினான். இன்ஜின் பாடியது, ரேடியோ பாடவில்லை. குமிழை அழுத்தினான், திருகினான், டேஷ்போர்டில் ஒரு குத்து விட்டான். வெளிச்சம்கூட இல்லை.

"ஃபியூஸ்தான்" என்றேன், பெரிய நிபுணன் மாதிரி. ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்தோம். இவன் வண்டியை நோண்டும்போதெல்லாம் விளக்குப் பிடிப்பது ருபாதான். அன்று "வேலை இருக்கு வாப்பா" என்று உள்ளே போய்விட்டாள். கல்யாணப் பெண், போகட்டும். ரேடியோ ஃபியூஸை உருவி வெயிலில் பிடித்துப் பார்த்தோம். உள்கம்பி முழுசாக இருந்தது. சிகரெட் லைட்டரின் ஃபியூஸை மாற்றிப் போட்டும் பிரயோசனமில்லை.

திங்களன்று கார் எலக்ட்ரீஷியன் ஜிரியெஸிடம் போனோம். அவன் ரேடியோவைக் கழற்றி, தன் மேஜையில் ஒரு பேட்டரியோடு நேராக இணைத்தான். கணீரென்று பாடியது. வண்டியில் மாட்டினான், பிணம். மறுபடி மேஜை, பாட்டு. மறுபடி வண்டி, பிணம்.

"என் மேல கோவமா அதுக்கு?" என்றான் மிஸ்பாஹ். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஜிரியெஸ் காரின் உள்விளக்கைப் பார்த்தான். கதவு திறந்திருந்தும் எரியவில்லை. "இதுக்கு ரெண்டு வழியில கரண்ட் வரணும் மாமு. சாவி போட்டா வர்றது ஒண்ணு, எப்பவும் வர்றது ஒண்ணு. ரெண்டாவது வரல. உள்விளக்கும் அதே லைன்தான்." பானெட்டைத் தூக்கி, பேட்டரி பக்கத்துப் பெட்டியைத் திறந்தான். ஒரு ஃபியூஸின் இடம் காலி.

"எங்க போச்சு?"

"என்னைக் கேட்டா? ஃபியூஸ் எரியும், உடையும். நடந்து போகாது" என்றான் ஜிரியெஸ். புதிது ஒன்றைச் செருகினான். ரேடியோ அலறியது. மிஸ்பாஹ் அவனைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான். வீடு வரைக்கும் முழுச் சத்தம். தெருவில் இரண்டு ஜன்னல் திறந்தன.

மறுநாள் காலை ரேடியோ மறுபடி பிணம். திறந்து பார்த்தால், மறுபடி அதே இடம் காலி.

எங்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. திருடன் என்றால் பேட்டரியை விட்டுவிட்டுக் கடுகத்தனை ஃபியூஸையா எடுப்பான்? ஜிரியெஸ்தான் வேலை பிடிக்க ஆள் வைத்து உருவுகிறான் என்றேன் நான். பாவம், இன்றைக்கும் அவனிடம் அதைச் சொல்லவில்லை. ஜின்னோ என்று மிஸ்பாஹுக்குச் சந்தேகம். என் அக்காள் இப்திஸாம் கண்ணேறு என்று தீர்மானித்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வண்டிக்குள் சாம்பிராணி போட்டாள். புருஷன் உள்ளே இருப்பதைக் கவனிக்கவில்லை. அவன் இருமிக்கொண்டே வெளியே விழுந்தான்.

"ஜின்னு போச்சா?" என்றாள்.

"ஜின்னு இருக்கு. நான்தான் போகப் பார்த்தேன்!"

புதன்கிழமை மருதாணி. நாற்காலிகளை இறக்கிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தேன். ருபா தேநீர் கொண்டுவந்தாள். கோப்பையைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. மருதாணி சிவக்கும், கறுக்காது.

"என்னடி இது?"

"கிரீஸ், மாமா." பொய் சொல்லக்கூட முயலவில்லை. அவள் கண் நிறைந்துவிட்டது. "அவர் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் விளக்குப் பிடிச்சவ நான். எனக்குத் தெரியாதா எது எங்க இருக்குன்னு?"

"உன் கல்யாணத்தை நீயே கெடுக்குறியா?"

"சஃப்வானோட அம்மா ஜன்னலுக்குக் கீழதானே வண்டி போகணும்? அவங்க பிள்ளைக்கும் இந்த வருஷம் பொண்ணு பார்த்திருந்தாங்க. அந்தப் பாட்டை அவங்க எப்படிக் கேப்பாங்க?"

"அனுமதி வாங்கியாச்சேம்மா!"

"யாருகிட்ட வாங்குனீங்க? ஆம்பளைங்க ரெண்டு பேரு போய் ஒரு ஆம்பளைகிட்ட கேட்டுட்டு, காபியைக் குடிச்சிட்டு வந்துட்டீங்க. பெத்தவகிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்தேன். வாசலில் மிஸ்பாஹ் நின்றிருந்தான். கேட்டிருக்கிறான், அந்த அரைக் காதோடு. அடி விழும் என்று பயந்தேன். அவனோ முழித்துக்கொண்டு நின்றான். "எனக்கு இது தோணவே இல்லையே" என்றான் என்னிடம். "ஏன் தோணல?" அவனை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

பிறகு மகளிடம் கையை நீட்டினான். அவள் இரண்டு ஃபியூஸையும் அதில் வைத்தாள். "வா, கேப்போம். வேண்டாம்னா பாட்டு இல்லாமலே போவோம்" என்றான். அந்த வார்த்தை அவனுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எதிர்வீட்டுக் கதவைப் பையனின் தாய் உம்மு சஃப்வானே திறந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். மிஸ்பாஹ் உளறினான். ரேடியோ என்றான், ஜன்னல் என்றான், மன்னிப்பு என்றான். ருபாதான் விஷயத்தைச் சொல்லி முடித்தாள்.

உம்மு சஃப்வான் வாசலுக்கு வந்து தன் ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள். பிறகு பேசியது எங்களிடம்தானா என்றுகூடத் தெரியவில்லை.

"என் ஜன்னல்கிட்ட வந்தா பிள்ளைங்க விளையாட்டை நிறுத்துது. பொம்பளைங்க கிசுகிசுன்னு பேசுறாங்க. பாட்டுப் போட்டு சிலிண்டர் விக்கிற கேஸ் வண்டிகூட தெருமுனையிலேயே அதை நிறுத்திட்டு வருது. எல்லாம் மரியாதைக்குத்தான், தெரியும். ஆனா காலையில கண்ணு முழிச்சா ஒரு சத்தம் இல்ல. அந்த அமைதியில எனக்கு அவன் தினமும் சாகுறான். திங்கக்கிழமை உன் வண்டி கத்திக்கிட்டே வந்துச்சு பாரு அபு ருபா, அன்னிக்குத்தான் ஜன்னலைத் திறந்தேன்."

ருபா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். விரலின் கிரீஸ் அவள் கறுப்பு உடுப்பில் ஒட்டியது, யாரும் பொருட்படுத்தவில்லை.

"வை. இப்பவே வை, நான் கேக்கணும்" என்றாள் உம்மு சஃப்வான்.

மிஸ்பாஹ் பானெட்டைத் திறந்தான். ஃபியூஸை முதலில் தப்பான இடத்தில் செருகினான், பிறகு சரியான இடத்தில். சாவியைத் திருப்பிக் குமிழை அழுத்தினான். ரேடியோவில் ஒருவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இன்றைய சந்தையில் தக்காளி விலை, வெங்காய விலை என்று வாசிக்க ஆரம்பித்தான்.

மிஸ்பாஹ் பதறிப்போய் வேறு நிலையம் தேடினான்.

"விடு, அதுவே இருக்கட்டும்" என்றாள் உம்மு சஃப்வான். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். "கொஞ்சம் கூட்டி வை."