ரோஸ்மேரியின் அவரைக்கொடியில் அசுவினி

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் ரோஸ்மேரிக்குச் செக்கிங் வேலை. பதினெட்டு வருடமாக அதேதான். தைத்து வரும் பனியனைக் குழல்விளக்கின் கீழ் விரித்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்க வேண்டும். சொந்த ஊர் நாசரேத் பக்கம். கணவன் ஜெபக்குமார் வேறொரு கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். வரிசையாக ஆறு குடித்தனம் இருக்கும் லைன் வீட்டில் முதல் வீடு வீட்டுக்காரருடையது, இரண்டாவது வீடு அவர்களுடையது.

மார்க்கெட்டில் வாங்கும் அவரைக்காயில் கழுவக் கழுவ மருந்து வாடை போகவில்லை என்று, ஆடி மாதம் வீட்டுக்காரர் கந்தவேலிடம் கேட்டுக்கொண்டு மொட்டை மாடியில் பத்துப் பைகளில் அவரை விதை ஊன்றினாள். ஐப்பசிக் கடைசியில் கொடி பூவெடுத்தது. ஒரே வாரத்தில் கொழுந்தும் பூங்கொத்தும் கரி பூசினாற்போல் கறுத்துப்போயின. தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. அசுவினிப் பூச்சி.

கம்பெனியில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சூப்பர்வைசர் சுரேந்தர் சிரித்தான்.

"ஒரு மூடி மருந்து ஊத்தி அடிச்சா ஒரே நாள்ல கிளியருங்க்கா. எதுக்குங்க இந்தப் பாடு?"

"செடிக்கு நாலடி தள்ளி தண்ணி டேங்க் இருக்கு. மூடி ஒடஞ்சு கெடக்கு. ஆறு வீட்டுக்கும் குடிக்க அந்தத் தண்ணிதான். மருந்த யாருக்கு ஊத்தச் சொல்லுத?" என்றாள் ரோஸ்மேரி.

தையல்காரி கோமளா சாம்பல் தூவச் சொன்னாள். தூவினாள். கார்த்திகைப் பனியில் நனைந்து சாம்பல் சேறானது. அசுவினி அதன்மேல் சுகமாக உட்கார்ந்திருந்தது. துணி துவைக்கும் தூளைக் கரைத்து அடித்தாள். மூன்று செடிகளின் இலை ஓரம் கருகியது. அசுவினி அப்படியே இருந்தது. பிறகு காதி சோப்பை லேசாகச் சீவிக் கரைத்து, கொஞ்சம் வேப்பெண்ணெய் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடித்தாள். அது கேட்டது. நான்கே நாள்தான், மறுபடி வந்துவிட்டது.

காரணம் எறும்பு. அசுவினி கழிக்கும் இனிப்புத் தண்ணீருக்காக எறும்புகள் கொடியில் ஏறி அதைக் காவல் காத்தன. பைகளைச் செங்கல்மேல் தூக்கி வைத்து, செங்கல்லைச் சுற்றிக் கிரீஸ் தடவிய பனியன் வேஸ்ட் துணியைக் கட்டினாள். மறுநாள் பார்த்தால் எறும்புச் சாரி கொஞ்சமும் குறையவில்லை. பந்தல் கயிற்றைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்தாள். அது வழியாக இறங்கிக்கொண்டிருந்தன.

"எனக்குன்னு எங்கேருந்துதான் வந்து சேருதோ!" என்று கயிற்றை அறுத்தெறிந்தாள்.

இது போதாதென்று கொழுந்துகளில் புதிதாக ஒரு புழு. கறுப்பு உடம்பு, ஆரஞ்சுப் புள்ளி, பார்க்கவே அருவருப்பு. காணும் ஒவ்வொன்றையும் விரலால் நசுக்கினாள். பத்து நாள் இதே வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு கொழுந்தைத் திருப்பியவள் கை அப்படியே நின்றது. அந்தப் புழுவின் வாயில் ஒரு அசுவினி. அதைத் தின்று முடித்து அடுத்ததைப் பிடித்தது. போனில் தேடினாள். பொறிவண்டின் இளம்புழு என்று படத்தோடு வந்தது.

"ஏங்க, நாப்பதுக்கு மேல கொன்னுருப்பேங்க," என்று ஜெபக்குமாரிடம் சொன்னபோது அவளுக்கு அழுகையே வந்தது. "டேமேஜையும் நல்ல பீஸையும் பிரிக்கதுதான் எனக்குத் தொழில். அதுல போயி இப்படியா?"

அன்றிலிருந்து புழு இருக்கும் கொழுந்தில் சோப்புத் தண்ணீர் அடிப்பதை நிறுத்தினாள். மற்றவற்றை ஈரப் பனியன் துணியால் துடைத்தாள். பத்து நாளில் கொடியின் பாதி பச்சைக்குத் திரும்பியது. சிவப்புப் பொறிவண்டுகள் பறந்தன. பிஞ்சு இறங்கியது. கிறிஸ்மஸுக்கு ஐந்து நாள் ஊருக்குப் போனார்கள்.

திரும்பி வந்து மாடிப்படி ஏறும்போதே மருந்து வாடை அடித்தது. தரையெங்கும் பொறிவண்டுகள் மல்லாந்து கிடந்தன. பின்னாலேயே கந்தவேல் சிரித்த முகத்தோடு வந்தார்.

"செடி பளிச்சுனு இருக்குதுங்களா? நீங்க படற பாட்டப் பாத்து மனசு கேக்கலீங்க. நாந்தானுங்க மருந்து அடிச்சு வுட்டேன்."

"அண்ணாச்சி, ஒங்கள்ட்ட நான் கேட்டனா?" ரோஸ்மேரியின் குரல் கீழ் வீடுவரை கேட்டது. "அந்த டேங்க்கப் பாருங்க. மூடி இல்ல. எத்தன நாளா எல்லாரும் இந்தத் தண்ணியக் குடிக்காவ?"

ஜெபக்குமார் அவள் தோளைத் தொட்டான். குடியிருக்கிற வீட்டுக்காரரிடம் இப்படிப் பேசலாமா என்ற பயம் அவனுக்கு. அவள் நிறுத்தவில்லை. கந்தவேல் டேங்க் பக்கம் திரும்பினார்.

"முந்தாநேத்துதானுங்க அடிச்சேன். டேங்க்க நெனைக்கவே இல்லீங்களே," என்றார். அவர் மனைவி கமலாம்பாள் கீழிருந்து ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். "எங்க ஊட்டுக்கும் இந்தத் தண்ணிதானுங்களே சாமி!"

கந்தவேலே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டேங்க்கில் இறங்கினார். நால்வரும் சேர்ந்து மூன்று முறை கழுவி ஊற்றினார்கள். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் புது மூடி வந்தது. மருந்து பட்ட பிஞ்சு, பூ எல்லாவற்றையும் ரோஸ்மேரி கிள்ளி எறிந்தாள்.

எட்டாம் நாள் அசுவினி திரும்ப வந்தது. அதைத் தின்னப் பொறிவண்டு இல்லை. காலையில் கம்பெனி வேன் வருவதற்கு முன் அரை மணி நேரம், முணுமுணுத்துக்கொண்டே, இலை இலையாகத் துடைத்தாள். தை முடியும் நேரத்தில் ஒரு இலையடியில் பொறிவண்டின் மஞ்சள் முட்டைகள் கொத்தாகத் தெரிந்தன. அந்தக் கொடியில் சிவப்புத் துணி கட்டி, யாரும் தொடக்கூடாது என்று ஆறு வீட்டிலும் சொல்லிவிட்டு வந்தாள். கந்தவேல் வீட்டில் மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

பத்துச் செடியில் பிழைத்தது நான்கு. மாசியில் முதல் பறிப்பு ஒரு பொரியலுக்குத்தான் வந்தது. ஜெபக்குமார் இன்னும் கொஞ்சம் கேட்டான்.

"இவ்வளவுதான் இருக்கு," என்றாள் ரோஸ்மேரி எரிச்சலோடு. தன் பங்கில் பாதியை எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.