கீரையக்காவின் விரல் நுனி

ரத்த வங்கியில் அவளுக்குக் கீரையக்கா என்று பெயர். ரத்தம் கொடுக்க வருபவர்களின் விரலைக் குத்தி, ஒரு துளி எடுத்து, சின்ன மெஷினில் ஹீமோகுளோபின் பார்ப்பாள். பன்னிரண்டரைக்குக் கீழே என்றால் ஆளைத் திருப்பிவிட வேண்டும். சும்மா அனுப்பமாட்டாள். "கீரை சாப்பிடுங்க, பயறு சாப்பிடுங்க, சாப்பாட்டோட டீ குடிக்காதீங்க" என்று ஒரு பாட்டம் பாடித்தான் அனுப்புவாள்.

அவளோ மத்தியானச் சாப்பாட்டையே டீயை ஊற்றித்தான் உள்ளே இறக்குவாள். மாதவிலக்கு வந்தால் எட்டு நாள். முதல் மூன்று நாள் மணிக்கொரு பேட், அதுவும் இரண்டிரண்டாக. நாற்காலியை விட்டு எழும்போதெல்லாம் திரும்பிப் பார்த்துக்கொள்வாள். படியேறினால் மூச்சு வாங்கும். ஐஸ் கட்டி கிடைத்தால் கடக்கடக்கென்று மெல்லுவாள். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, நம்ம உடம்பு வாகு" என்று அம்மா சொல்லியிருந்ததால், அதோடு விஷயம் முடிந்துவிட்டது.

ஒரு நாள் புது மெஷின் வந்தது. சரிபார்க்கத் தன் விரலையே குத்திக்கொண்டாள். ஆறு புள்ளி எட்டு.

"வரும்போதே பழுது. திருப்பி அனுப்புங்க" என்றாள்.

ரத்த வங்கி வண்டியை ஓட்டுகிறவர் தன் விரலை நீட்டினார். பதினைந்து. பழைய மெஷினில் அவளுக்குப் பார்த்தார்கள். ஆறு புள்ளி ஏழு.

"ரெண்டு மெஷினும் பேசி வச்சுக்கிட்டா பொய் சொல்லுது? டாக்டர்கிட்ட போங்கக்கா" என்றார் அவர்.

பெண் மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எங்க வேலை பாக்குறீங்க?" என்றார். சொன்னாள். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கொஞ்சம் கீரை கூட்டிக்கிட்டா சரியாயிடுமா டாக்டர்?"

"கீரையும் வேணும்மா. ஆனா உள்ள வர்றதை விட வெளிய போறது ஜாஸ்தின்னா, கீரை பாவம் என்ன பண்ணும்? இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தா, உங்க இடத்துல இருந்தே ரெண்டு பை ரத்தம் வாங்கிட்டு வரச் சொல்லியிருப்பேன்."

ஸ்கேனில் கர்ப்பப்பையில் ஒரு சின்னக் கட்டி தெரிந்தது. ஆபத்தான வகையல்ல, ஆனால் ரத்தத்தைப் பெருக்கும் வகை. ரத்தக்குழாய் வழியாக இரும்புச்சத்து ஏற்றினார்கள். எல்லோரிடமும் "எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று சொல்பவள், ஊசி போட்டதும் கத்திய கத்தலில் பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்தாள். பிறகு விலக்கு நாட்களுக்கு மட்டும் போக்கைக் குறைக்கும் மாத்திரை. அது போதாமல், கர்ப்பப்பைக்குள் மெல்ல ஹார்மோன் விடும் சிறு சாதனம் ஒன்றை வைத்தார்கள். சாப்பாட்டில் முட்டை, ஈரல், பயறு, எலுமிச்சை. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் டீ கிடையாது.

"டீ வேணாமா? உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று அப்போதுதான் பதறினார் கணவர்.

நான்கு மாதத்தில் பன்னிரண்டைத் தொட்டாள். மாடி ஏறி முடித்தும் பேச்சு பாக்கியிருந்தது.

இப்போது அளவு குறைந்த பெண்களிடம் அவள் கூடுதலாக ஒன்று கேட்கிறாள்: "மாசத்துல எத்தனை நாள் போகுது? எத்தனை பேட் மாத்துறீங்க?"

போன வாரம் ஒரு டீச்சர் சீறினார். "நான் ரத்தம் குடுக்க வந்தேனா, வாக்குமூலம் குடுக்க வந்தேனா?"

"இன்னைக்கு வாக்குமூலம் குடுங்க, அளவு ஏறினதும் வந்து ரத்தம் குடுங்க" என்றாள்.