பொறுப்பாளர் புஷ்பமேரி

திண்டுக்கல் மேட்டுப்பட்டிப் புஷ்பமேரிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான் பாக்கி இருந்தது. ஏதாவது ஒரு பொறுப்பில் இருக்க வேண்டும். பங்குக் கோயிலில் தெருக் குடும்பங்கள் கூடும் அன்பியத்துக்குப் பொறுப்பு, மாதா சபைப் பொறுப்பு, பாடகர் குழுப் பொறுப்பு என்று ஆளாளுக்கு ஒன்றை வைத்துக்கொண்டு, பூசை முடிந்ததும் சாமியாரோடு நின்று பேசுவார்கள். இவள் பேசாமல் வீட்டுக்கு நடப்பாள். கோபம் என்று சொல்ல முடியாது, வயிற்றெரிச்சல் கொஞ்சம் உண்டு. இட்லி விற்று இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்த மனுஷியை எந்தக் கூட்டத்திலும் ஒருத்தரும் முன்மொழியவில்லை என்றால் எரியாதா?

இரண்டாயிரத்து ஆறில் அந்தக் குறையை ஒரு சோப்புத்தூள் கம்பெனி வந்து தீர்த்தது. காலிக் கவரெல்லாம் சாக்கடையை அடைக்கிறது, விற்றவனே அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகட்டும் என்று பேச்சு கிளம்பியிருந்த நேரம். முல்லைநுரைக் கம்பெனி மகளிர் குழுக்களைக் கூட்டிக் கல்யாண மண்டபத்தில் விழா எடுத்தது. ‘காலிக் கவர்களைத் திரும்பப் பெறுவது எங்கள் பொறுப்பு’ என்று பெரிய பேனர். ஏஜென்சி மேனேஜர் ஸ்டான்லி மைக்கைப் பிடித்து, “மேட்டுப்பட்டிப் பகுதிப் பொறுப்பாளர், திருமதி புஷ்பமேரி!” என்றார். பொன்னாடை, கைதட்டல், போட்டோ. “நீங்க சேத்து மட்டும் வைங்கக்கா, வண்டி வந்து எடுத்துக்கிரும்” என்று ஸ்டான்லி சொன்னது பாதிதான் காதில் ஏறியது. சந்தோஷத்தில் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கிடைத்த பொறுப்பை அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இட்லிக் கூடையோடு போகிற வீடெல்லாம் சொல்லி வைத்தாள். ஜனங்களும் கொண்டுவந்து குவித்தார்கள். முல்லைநுரை மட்டுமா? பால் கவர், பாக்குக் கவர், ஷாம்பு, ஊறுகாய் என்று ஊரில் விற்றதெல்லாம் அவள் வாசலுக்கு வந்தது. “இது எங்க கம்பெனி இல்லத்தா” என்று சொல்லிப் பார்த்தாள். “கவருக்குப் பொறுப்பாளரு நீங்கதானக்கா?” என்று திருப்பிக் கேட்டார்கள். எல்லாவற்றையும் வாங்கி வாங்கிச் சாக்கில் அடைத்தாள். கொல்லை நிறைந்தது. வண்டியைத்தான் காணோம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சாக்குகள் நனைந்து கிழிய, கவருக்குள்ளெல்லாம் தண்ணீர் தேங்கிக் கொசு மொய்த்தது. ஊரே மூட்டுவலிக் காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்த வருஷம் அது. முன் வீட்டில் இருந்த வீட்டுச் சொந்தக்காரர் காத்தமுத்துவின் மனைவியும் படுத்துவிட்டாள். காத்தமுத்து கொல்லைப்பக்கம் வந்து நின்றார்.

“புஷ்பம், ஒம் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஞாயித்துக்கெழமைக்குள்ள இதக் காலி பண்ணு. இல்லாட்டி வீட்டக் காலி பண்ணு.”

பிள்ளை பெற்று வளர்த்த வீடு அது. இட்லிக்கு ஆள் தேடி வருகிற இடமும் அதுதான். புஷ்பமேரி ஒரு ரூபாய் போனுக்கு ஓடினாள்.

“வண்டி அனுப்புங்க தம்பி. கம்பெனி பொறுப்புன்னு பேனர்ல போட்டிருந்துச்சே?”

“ஆமாக்கா, கம்பெனி பொறுப்புதான்” என்றார் ஸ்டான்லி. “அந்தப் பொறுப்பத்தான் ஒங்ககிட்ட குடுத்தாச்சுல்ல?”

வீட்டுக்கு வந்து புருஷன் பாஸ்கலைக் கேட்டாள். “ஏங்க, பொறுப்புன்னா பதவியா, சொமையா?”

“சபையில இருக்கவங்களப் போய்க் கேளு” என்றான் பாஸ்கல். குத்தலாகச் சொன்னானா, நிஜமாகவே தெரியாமல் சொன்னானா என்பதும் அவளுக்குப் பிடிபடவில்லை.

சனிக்கிழமை ஒரு குட்டியானை வண்டியைப் பிடித்து, சாக்கையெல்லாம் ஏற்றிக்கொண்டு திருச்சி ரோட்டு ஏஜென்சி குடோனுக்கே போய்விட்டாள். அழுது கெஞ்சுவது என்றுதான் போனாள். ஸ்டான்லி சாப்பிடப் போயிருந்தார். லோடுமேன் கருப்பணன் மட்டும் இருந்தார், விழாவில் பொன்னாடைத் தட்டைத் தூக்கிக்கொண்டு நின்ற மனிதர். அவளைப் பார்த்ததும் பீடியை அணைத்துவிட்டு எழுந்து நின்றார்.

“வாங்கம்மா. எங்க எறக்க?”

இந்த மரியாதையை அவள் எதிர்பார்க்கவில்லை. கெஞ்ச வந்த வாய் வேறு எதையோ சொன்னது. “உள்ளதான். பொறுப்பாளர் சொல்றேன், எறக்குங்க.”

கருப்பணன் முதல் சாக்கைத் தோளில் தூக்கினார். சோப்புத்தூள் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே கூரை முட்ட அடுக்கிவிட்டார். கடைசிச் சாக்கு இறங்கும்போது ஸ்டான்லி வந்து சேர்ந்தார்.

“யாருய்யா இத உள்ள விட்டது?”

“பொறுப்பாளரம்மா சொன்னாங்க சார். நீங்கதான மேடையில போட்டீங்க?”

ஸ்டான்லி சாக்கு அடுக்கை அண்ணாந்து பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, “அக்கா, அந்தப் பொறுப்பு வேற, இது வேற” என்றார்.

“எது வேற தம்பி? எனக்கு வெளங்கலை. நெசமாத்தான் கேக்குறேன், சொல்லுங்க.”

அவள் நக்கலுக்குக் கேட்கவில்லை. அது ஸ்டான்லிக்கும் தெரிந்தது. சொல்லத்தான் தெரியவில்லை. “சாக்கு இருந்துட்டுப் போகட்டும். ஆனா இனிமே நீங்க பொறுப்பாளரு இல்லக்கா. இன்னைக்கே வேற ஆளப் போட்டுர்றேன்” என்றார்.

சாயங்காலம் காத்தமுத்து கொல்லையில் பினாயில் ஊற்றிவிட்டு, “இருந்துக்க புஷ்பம்” என்று சொல்லிப் போனார். பாஸ்கல் நிம்மதியாக ஒரு டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து பார்த்தால், புஷ்பமேரி அடுப்பங்கரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள்.

“என்னடி, குப்பை போயிருச்சு, வீடு நின்னுருச்சு. இன்னும் என்ன?”

“பொறுப்பு போச்சுங்க” என்றாள்.

“அந்தக் குப்பைக்கா அழுகுற?”

அதுதான் அவளுக்கும் விளங்கவில்லை. மேடையில் அவர்கள் தன் கையில் கொடுத்தது வெறும் குப்பை என்று புத்திக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் அழுகை நிற்கவில்லை.