மோராவுக்குச் சொல்லாத உறவு

ஒரு கிழவியை அநாதையாகவே சாகவிட்டவன் நான். அவளுக்கு இரத்த உறவு ஒன்று உயிரோடு இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. மறதியால் நேர்ந்த தவறு என்று எண்ணிவிடாதீர்கள்... வேண்டுமென்றே செய்தேன்!

அவள் பெயர் மோரா. அயர்லாந்தின் கார்க் நகரத்தில் தனியாக வாழ்ந்தவள். மணமாகாதவள், உடன்பிறந்தவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவளுடைய கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் டெனிஸ், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் கிடங்கு வைத்து மிளகு வியாபாரம் செய்த வணிகர். இங்கே அவருக்குக் குடும்பம் இருந்ததா, அதில் எவரேனும் மிஞ்சியிருக்கிறார்களா... அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டும். ஓய்வு பெற்றபின் பழைய குடும்பங்களின் வரலாற்றைத் தேடித் தருவது எனக்குப் பொழுதுபோக்கு. அப்படித்தான் என்னிடம் வந்தாள்.

ஞாயிறு மாலை காணொளியில் அழைப்பாள். டெனிஸைப் பற்றிக் கொஞ்சம். மற்றபடி அவள் வீட்டுப் பூனை, என் முழங்கால் வலி, அங்கே மழை, இங்கே வெயில்... என் மனைவி போனபின் என்னைச் 'சாப்பிட்டீர்களா' என்று கேட்ட ஒரே குரல் அதுதான். ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் எவ்வளவு கூட்டம் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தின் நடுவே காய்கறிப் பையோடு நடந்து வருவேன். ஒருவரும் என் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். மகன் மெல்பர்னில் இருக்கிறான். அவனைக் குறை சொல்லி என்ன பயன்?

ஓர் ஆடி அமாவாசையன்று, எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் கீழ்மாடியில் இருக்கும் பரமேஸ்வரி சாப்பிடக் கூப்பிட்டாள். முன்னோர் படத்துக்கு முன் இலை போட்டிருந்தார்கள். சோறு, சாம்பார், வடை... ஓரத்தில் தோலோடு அவித்த உருளைக்கிழங்கு, மேலே வெண்ணெய், பக்கத்தில் ஒரு குவளை மோர்!

"இது என்னம்மா?"

"அது துரைக்கு அங்கிள். எங்க கொள்ளுப்பாட்டியோட அம்மா ஹனோரா, அவங்க அப்பா வெள்ளைக்காரரு. டெனிஸ் துரை. ரிவர் பக்கம் கோடவுன் வச்சிருந்தாராம். அவருக்கு இதுதான் பிடிக்குமாம். வைக்கலன்னா அம்மா திட்டுவாங்க லா!"

ஹனோரா... டெனிஸின் தாயார் பெயர்! மகளுக்குத் தன் தாயின் பெயரை வைப்பது தங்கள் வீட்டு வழக்கம் என்று மோரா சொல்லியிருக்கிறாள். உருளைக்கிழங்கும் மோரும்தான் தன் தந்தையின் இரவுச் சாப்பாடு என்றும்கூட. பழைய பதிவுகளைப் பிறகு சரிபார்த்தேன். ஐயத்துக்கு இடமில்லை.

அந்த ஞாயிறு சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? அவள் பரமேஸ்வரியை அழைப்பாள். என்னை ஏன் அழைக்க வேண்டும்? இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் வாடியது. பரவாயில்லை, அடுத்த வாரம் பார்ப்போம் என்றாள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது... ஆம், மகிழ்ச்சி! அதை உங்களிடம் மறைத்து என்ன?

இப்படியே வாரங்கள் ஆண்டுகளாயின. சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு அழைப்பு வரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. பிறகு அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர் செய்தி அனுப்பினார். அடக்கத்துக்கு உறவினர் என்று எவரும் வரவில்லையாம்.

பரமேஸ்வரியிடமாவது எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று கீழே போனேன். அவள் காப்பி கொடுத்துவிட்டுத் தானாகவே பேச்செடுத்தாள்.

"அங்கிள், நீங்கதான் பழைய ஃபேமிலி ஹிஸ்டரிலாம் தேடுவீங்களே. துரை பக்கத்து சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களான்னு பாத்துச் சொல்றீங்களா? அம்மாவும் போயிட்டாங்க... எனக்குன்னு யாருமே இல்லாத மாதிரி இருக்கு."

காப்பியை ஒரு வாய் குடித்தேன்.

"பாக்குறேம்மா" என்றேன்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் வேலை முடிந்து மேலே வருகிறாள். கையில் ஏதாவது பலகாரம் இருக்கும். "ஏதாச்சும் கெடச்சுதா அங்கிள்?" என்று கேட்டபடியே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறாள்.

இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்கிறேன்.