பிரிண்டருக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜையன்று சந்தனம், குங்குமம் வைத்து ஓய்வு கொடுத்த கருவிகளை மறுநாள் விஜயதசமி காலையில் எடுத்து, கொஞ்சமாவது வேலை செய்ய வேண்டும் என்பது எங்கள் நூற்பாலை அலுவலகத்தின் வழக்கம். பாகூர் பக்கத்தில் இருந்த அந்தச் சிறிய ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்த முதல் வருடம் அது. அதைப் பார்த்துக்கொள்ள, டிப்ளமா முடித்த கையோடு என்னை எடுத்திருந்தார்கள்.

கொஞ்ச வேலைதான் என்று சொல்லி டைப்பிஸ்ட் அக்காவை மேனேஜர் வரவழைத்திருந்தார். அடுத்த ஷிப்ட்டில் யாருக்கு எந்த மெஷின் என்பதை அடித்து, அச்செடுத்துவிட்டுப் போகலாம். அக்கா வில்லியனூர் மாதா கோயில் பக்கம். அன்று சாயங்காலம் கரியமாணிக்கத்திலிருந்து அவருடைய பெண்ணைப் பார்க்க வருகிறார்கள். மதிய பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.

காலை முழுக்க அடித்ததை அச்சுக்குக் கொடுத்தார். பிரிண்டர் அசையவில்லை. அவருடைய திரையும் அப்படியே நின்றது. அச்சு முடிந்த பிறகுதான் அடித்ததை டிஸ்கில் சேர்க்கும்படி அந்த புரோகிராமை எழுதியிருந்தார்கள்.

"இன்னாடி இது? எந்தக் கீய தட்னாலும் கம்னு கீது."

எதையும் வரிசையாகச் செய்தால்தான் எனக்குக் கை ஓடும். முதலில், என்னென்ன ஓடுகிறது என்று, அதே கம்ப்யூட்டரோடு இணைந்த இன்னொரு திரையான என் டெர்மினலில் பார்த்தேன். அச்சு வேலை பிரிண்டரைப் பிடித்துக்கொண்டு தூங்கியது. இரண்டாவது, மரியாதையாக நிறுத்தச் சொன்னேன். மூன்றாவது, எந்த வேலையும் மறுக்க முடியாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்த 'கில்' கட்டளையைக் கொடுத்தேன். மறுபடி பார்த்தால் அதே இடம், அதே தூக்கம்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா. எங்க வூட்டு ரேடியோ அப்டிதான் பாடும்."

"ஆஃப் பண்ணா அக்கா அடிச்சது மொத்தமும் பூடும் சார்."

"அய்யோ மாதாவே! திரும்ப அடிக்க உக்காந்தேன்னா, பொண்ணு பாக்க வர்றவங்களுக்கு நீதாண்டி போயி காபி குடுக்கணும்."

"என்னயே புடிச்சிப்போச்சின்னா?"

"வாயப் பாரு!"

சிரித்தாலும் அவர் கண் கடிகாரத்தை விட்டு நகரவில்லை.

யோசித்தேன். அந்த வேலை பிரிண்டரிடம் ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிறது. பதில் வரும்வரை எந்தக் கட்டளையும் அதன் காதில் விழாது. அதை மிரட்டிப் பயனில்லை, பிரிண்டரைத்தான் பேசவைக்க வேண்டும். எழுந்து அதன் பக்கத்தில் போனேன். வயர் சரி. கரண்ட் சரி. மேலே போட்டிருந்த சாமந்தி மாலையைத் தூக்கியபோதுதான், அது மறைத்திருந்த சிவப்பு விளக்கு தெரிந்தது: பேப்பர் இல்லையாம். பேப்பரோ நிறைய இருந்தது. மூடியைத் திறந்தேன். பேப்பர் இருக்கிறதா என்று பார்க்கும் சின்ன வட்டக் கண்ணாடி மேல், கட்டியாகச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"இங்க யாருக்கா பொட்டு வச்சது?"

"நாந்தான். எல்லாத்துக்கும் வச்சனே. இதுக்கு மூடியத் தொறந்தா வட்டமா, நெத்தியாட்டம் இருந்திச்சி."

"கோயில் குருக்களே இவ்ளோ அழுத்தி வைக்க மாட்டாரும்மா" என்றார் மேனேஜர்.

கைக்குட்டை நுனியை நனைத்துத் துடைத்தேன். காயவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். பிரிண்டர் அரை வரி அடித்து, நின்றது. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். டெர்மினலில் பார்த்தேன், அச்சு வேலையைக் காணோம். நான் முன்பே கொடுத்த கட்டளை அதற்காகக் காத்திருந்திருக்கிறது. கண் விழித்ததும் அதைக் கேட்டுச் செத்துப்போயிருந்தது. அக்காவின் திரை உயிர் பெற்று, மறுபடி அச்செடுக்கவா என்று கேட்டது.

"எடுடா ராஜா" என்று சொல்லிக்கொண்டே அவர் கீயைத் தட்டினார். இந்த முறை ஒழுங்காக வந்தது; அடித்தது டிஸ்கிலும் சேர்ந்தது. அக்கா பையை எடுத்துக்கொண்டு ஓட, மேனேஜர் முன்னால் போய்ச் சாலையில் கை காட்டி பஸ்ஸை நிறுத்தினார்.

மறுநாள் அக்கா டப்பா நிறைய கேசரியோடு வந்தார். "புடிச்சிருக்குன்னு சொல்ட்டாங்கடி!" எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, ஒரு ஸ்பூன் கேசரியோடு பிரிண்டர் பக்கம் நடந்தார். நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.

"பயப்படாதடி, சும்மா காட்னேன்" என்று சொல்லி அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.